கேட்டுவிட்டு எடுப்பவர்

அவர் பெயரை இதில் எழுதவில்லை. எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் எழுதி, அது அவர் கண்ணில் பட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்வார். அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை.

நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிடுவோம். வயதில் என்னைவிட மூன்றோ நான்கோ வருடம்தான் மூத்தவர். கூத்தாநல்லூரிலிருந்து மன்னார்குடி வந்து, அங்கே பஸ் மாறி, தஞ்சாவூருக்கு ஒன்பதரை மணிக்குள் வந்துவிடுவார். அலுவலகம் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. மொத்தம் ஏழு பேர். படியேறும்போதே யூரியா வாசனை மூக்கில் ஏறும். அவர் ஏறி வந்ததும் முதல் வேலையாக மின்விசிறியின் கீழே நின்று, "போடலாமா? யாருக்கும் சளி இல்லையே?" என்பார். மற்ற ஆறு பேரும் தலையாட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடுவார்.

"அக்கா நாற்காலிகிட்டகூட கேட்டுட்டுத்தான் உக்காருவாங்க" என்று எங்களில் ஒருவனான சுந்தர் கிண்டல் செய்வான்.

"கேட்டா என்னங்க, அது ஆடுற நாற்காலி. உக்காரலாமான்னு அதுகிட்டதான் கேக்கணும்" என்பார்.

எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். டீ கொண்டு வரும் அம்மாவையும், அவரைவிடப் பத்து வயது இளையவனான சுந்தரையும்.

ஒருமுறை அலுவலகக் குளிர்பெட்டியில் ஒரு தயிர் டப்பா கிடந்தது. வாடை வர ஆரம்பித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கி எறிந்திருப்பார்கள். அவர் அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டினார்: 'இது யாருடையது? வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம்.' வெள்ளிக்கிழமை ஆயிற்று. யாரும் வரவில்லை. யோசித்துப் பார்த்து, இரண்டு மாதம் முன்பு வேலையை விட்டுச் சென்னைக்குப் போன ஒருவருக்குப் போன் போட்டார். "உங்க டப்பாங்களா? கழுவி வெக்கட்டுமா, தூக்கிப் போட்டுடலாமா?" என்று அவர் கேட்டதும் எங்கள் ஆறு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தார். "மூடி அவங்க அம்மா ஊர்லேர்ந்து குடுத்ததாம். வரும்போது எடுத்துக்கறேன்னாங்க."

அவருடைய வேலையும் இப்படித்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மழைக்காலத்தில் அறுத்த நெல்லைச் சாலையில் பரப்பிக் காயவைக்க முடியாது. ஈரமாகக் கொண்டுபோனால் கொள்முதலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் சில ஊர்களில் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து நெல் உலர்த்தும் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த மெஷினின் சூட்டையும் நேரத்தையும் ஒரு சிறிய பெட்டி கவனித்துக்கொள்ளும். பெட்டிக்குள் ஓடுவது நாங்கள் எழுதும் புரோகிராம். பெட்டிகள் ஒரே மாதிரி இருக்காது. எட்டு வருடப் பழையதும் உண்டு, போன மாதம் வாங்கியதும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். அந்த வித்தியாசமெல்லாம் புரோகிராமுக்குத் தெரிய வேண்டாம் என்று நடுவில் ஒரு லைப்ரரி வைத்திருந்தோம். எந்தப் பெட்டியானாலும் புரோகிராம் ஒரே பெயரைச் சொல்லிக் கேட்கும். லைப்ரரி அந்தந்தப் பெட்டிக்குத் தக்கபடி செய்து கொடுக்கும். எல்லாப் பெட்டிக்கும் அது பொது. காமன் லைப்ரரி என்போம்.

அதைப் பார்த்துக்கொண்டவர் அவர். அதில் ஒரு வரியை எடுக்க வேண்டுமென்றால்கூட எந்த ஊர்ப் பெட்டி அதை நம்பி இருக்கிறது என்று ஒவ்வோர் ஊராகப் போன் போடுவார். "உங்க பெட்டி மேல ஒரு நம்பர் ஒட்டியிருக்கும், படிங்க பாப்போம்." சில ஊரில் ஆள் வயலுக்குப் போயிருப்பார். மறுநாளும் போடுவார்.

எங்கள் முதலாளிக்கு இது ஆகாது. "பொண்ணு குடுக்கற மாதிரி ஊர் ஊரா விசாரிச்சிட்டிருந்தா எப்பங்க முடியும்?" என்பார்.

"விசாரிக்காம குடுத்துட்டு அப்பறம் நாமதான் சார் ஓடணும்."

எனக்கும் சில சமயம் எரிச்சல் வந்ததுண்டு. அதை மறைக்கக் கூடாது. பாப்பா பிறந்து ஆறு மாதத்தில் நான் வேலைக்குத் திரும்பினேன். கணவருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். பாப்பாவைக் காப்பகத்தில் விட்டேன். நாலரை மணிக்கு மூடிவிடுவார்கள். முதலாளி, "மூணு மாசம் பாக்கலாம்மா, உங்களால முடியுதான்னு" என்றுதான் சேர்த்துக்கொண்டார். மதியம் பால் கட்டிக்கொள்ளும். பாலை எடுத்துவிடுவதற்காகப் பழைய பெட்டிகள் போட்டு வைத்திருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவர் வந்து தாழ்ந்த குரலில், "அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லட்டுமா? உங்களைக் கேக்காம சொல்ல வேணாம்னு பாத்தேன்" என்றார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "வேணாங்க்கா" என்றேன்.

வேண்டாம் என்றதும் அவர் போடவில்லை. அதற்கப்புறமும் நான் முதுகால்தான் கதவை அழுத்திக்கொண்டு நின்றேன். கேட்காமல் போட்டிருக்கலாமே, இதற்கெல்லாம் கேட்பார்களா என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். இப்போது நினைத்தால், என் வார்த்தையை என் வார்த்தையாகவே எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. அல்லது என் குற்றத்துக்கு ஆறுதலாக அப்படி நினைத்துக்கொள்கிறேனோ, தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் அவருடைய உம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் விடுப்பு. போகுமுன், ஏதாவது அவசரம் என்றால் தன் கணக்கில் நுழைந்து வேலை செய்துகொள்ளச் சொல்லிக் கடவுச்சொல்லை என்னிடம் எழுதிக் கொடுத்தார். லைப்ரரியை மாற்றும் அனுமதி அவர் கணக்குக்கு மட்டும்தான் இருந்தது.

அவர் போன இரண்டாம் நாள், புதன்கிழமை, புதிதாக ஓர் ஊரில் மெஷின் தொடங்கவிருந்தது. மறுநாள் காலை திறப்பு. புதிய ரகப் பெட்டி என்பதால் நாங்கள் எழுதுவதைப் பெட்டி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலரும் புதிது; அதில் எல்லாவற்றையும் கட்ட வேண்டியிருந்தது. கட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. லிங்க் எரர். புரோகிராமின் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கடைசிக் கட்டத்தில் வரும் பிழை அது. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அந்தப் பெயரில் யாரும் இல்லாவிட்டால் இணைப்பு நின்றுவிடும். இரண்டு பேர் இருந்தாலும் நின்றுவிடும். எனக்கு வந்தது இரண்டாவது வகை. அந்தப் பெயர் செய்வது, மெஷினுக்குச் சூடு தரும் அடுப்பு எரிய ஆரம்பித்து எத்தனை நேரம் ஆனது என்று சொல்லும் ஒரு சின்ன வேலை. பழைய பெட்டிகளில் அது கிடையாது என்பதால் எங்கள் லைப்ரரியே செய்து கொடுத்துவந்தது. புதிய கம்பைலர் அதே பெயரில் தானே ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. லைப்ரரியில் இருப்பதை எடுத்துவிட்டால் பிழை போய்விடும். பதினோரு வரிதான்.

மணி மூன்றரை. அவருக்குப் போன் போட்டேன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"அதை மட்டும் எடுக்காதீங்க" என்றார். "கடைமடைப் பக்கம் ஒரு பெட்டி அதை நம்பி இருக்குன்னு நெனைக்கறேன். அங்க புரோகிராம் பழசு, லைப்ரரிய மட்டும்தான் மாத்திக்கிட்டே வர்றோம். அங்க மெஷின் ஓட்டற முருகையன்ட்ட ஒரு தடவ கேட்டுட்டு எடுப்போம். இப்ப அவங்க களத்துல இருப்பாங்க. நாளைக்குக் காலைல நானே போடறேன்."

"நாளைக்குத் திறப்புக்கா."

"அப்ப புதுசுக்கு மட்டும் தனியா ஒண்ணு கட்டிக் குடுங்களேன். ஒரு மணி நேர வேலை."

ஒரு மணி நேரம். நாலரைக்குக் காப்பகம். முந்தின வாரம்தான் தாமதமாகப் போய், பாப்பா ஆயாவின் இடுப்பில் இருந்தபடி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். முதலாளி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "என்னம்மா, முடியுதா?"

"முடிஞ்சிரும் சார்" என்றேன்.

பதினோரு வரியையும் எடுத்தேன். கட்டினேன். ஒரு சிவப்புகூட இல்லை. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பொது லைப்ரரி என்பதால் எல்லா ஊர்ப் பெட்டிகளுக்கும் போகும்படி அவர் கணக்கிலிருந்தே அனுப்பிவிட்டு, நாலு இருபதுக்கு ஓடினேன். பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் புதிய மெஷின் நன்றாக ஓடியது. முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு முருகையன் போன் செய்தார். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் அந்தக் கடைமடை ஊரின் மெஷினை ஓட்டுபவர் அவர். அவருடைய அப்பா அம்மா பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அவர் டிப்ளமோ முடித்துவிட்டு அந்தக் குழுவில் ஆபரேட்டராக இருந்தார்.

"மேடம், பெட்டி கண்ணே தொறக்கலங்க. பேர் தெரியலன்னு என்னமோ இங்கிலீஷ்ல ஒரு வரி வருது, அணைஞ்சிடுது. அது வந்தாத்தான் அடுப்பு எரியும். இங்க விடியக்காலத்துலேர்ந்து மழை."

அந்தப் பதினோரு வரிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "அணைச்சிட்டு மறுபடி போட்டுப் பாருங்க" என்றேன்.

"பத்து தடவ போட்டாச்சுங்க."

"கரண்ட் கம்மியா வருதோ என்னவோ, கொஞ்சம் பாத்துட்டுச் சொல்லுங்க."

பழைய லைப்ரரியை இணையத்தில் திருப்பி அனுப்பினேன். அதை வாங்கிக்கொள்ளும் புரோகிராமும் அதே பெயரைத்தான் தேடியது, அதுவும் எழவில்லை. யாராவது நேரில் போக வேண்டும். அன்று முழுவதும் முருகையனை ஏதேதோ செய்து பார்க்கச் சொன்னேன். முதலாளியிடம் மின்சாரப் பிரச்சினை என்றேன். அக்காவுக்கு மட்டும் போன் செய்யவில்லை. உம்மா ஆபரேஷன், தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும்தான் காரணமா என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் முருகையன் கடைசியாகப் பேசினார். "இங்க ஒரு அம்மா படுதா போட்ட நெல்லுக் குவியல் மேலயே உக்காந்துருக்குங்க. குத்தகை நெலம். நான் என்னத்தச் சொல்ல?"

அக்காவும் அன்று முருகையனுக்குப் போன் போட்டிருக்கிறார், சொன்னபடியே, ஆஸ்பத்திரியில் உம்மாவைப் பார்த்துக்கொண்டதில் பதினோரு மணி தாண்டித்தான். லைன் பிஸியாகவே இருந்ததாம். என்னோடு பேசிக்கொண்டிருந்ததால்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். முருகையன் சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பழைய லைப்ரரியைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "நானும் வரட்டுமாக்கா?" என்றேன். "உங்களுக்கு நாலரை இருக்கே" என்றார். மூன்று பஸ். கடைசி இரண்டு கிலோமீட்டர் சாலையில் தண்ணீர். பெட்டியை அவர் எழுப்பியபோது மணி மூன்றுக்கு மேல் ஆகியிருந்தது.

சனிக்கிழமை என் மேசையருகே வந்து ஒரு கைக்குட்டையைப் பிரித்தார். ஒரு பிடி நெல். ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக முளை.

"குவியலுக்குள்ள கை விட்டா சுடுதுங்க" என்றார். "கொதிக்குது. அந்தப் பொம்பளை என் கையப் புடிச்சு உள்ள விட்டுக் காமிச்சாங்க. முழுசும் போச்சு." கைக்குட்டையை என் மேசையில் வைத்துவிட்டு, "கேட்டுட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். எடுத்துக்கோ, இனி இது யாருக்குன்னாங்க" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். குழுவின் தலைவர் போனில் சத்தம் போட்டிருக்கிறார். முதலாளி திரையில் பதிவைத் திறந்தார். எந்த நாள், எந்த நேரம், எந்த வரி எடுக்கப்பட்டது, யார் எடுத்தது. அவர் பெயர் இருந்தது.

"ஊரெல்லாம் கேக்கறவங்க, இதுக்கு மட்டும் கேக்கலியா?" என்றார் முதலாளி. "லீவுல வீட்டுலேர்ந்து பண்ணீங்களா? நீங்கதானா இது?"

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே உரக்கடையில் யாரோ மூட்டையைப் போட்டார்கள், தரை அதிர்ந்தது. எனக்குச் சொல்ல நேரம் இருந்தது. பாப்பாவும் மூன்று மாதமும் வாசல் கம்பியும்தான் நினைவுக்கு வந்தன. சுந்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

"என் பேர்லதான் இருக்கு சார்" என்றார் அவர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டே செய்பவர், என்னைக் காப்பாற்றட்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. அது காப்பாற்றியதுதானா, அல்லது நானாகச் சொல்வதற்கு எனக்குக் கொடுத்த அவகாசமா? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனா? இதைப் பலவிதமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எந்த விதத்திலும் நான் நல்லவளாக வரவில்லை.

லைப்ரரியை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். அவர் ஊர்களிலிருந்து வரும் புகார்களைக் குறித்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். கடைமடையிலிருந்து யார் கூப்பிட்டாலும் அவரைத்தான் திட்டினார்கள். "ஆமாங்க... தப்புதாங்க" என்று அவர் சொல்வது என் இருக்கைவரை கேட்கும். ஆறு வாரம் இருந்தார். பிறகு, வேலையை விடுகிறேன் என்று சொன்னார். காரணம் உம்மா என்றார்.

கடைசி நாள் அவரோடு பேருந்து நிலையம்வரை போனேன். மன்னார்குடி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப் போனவர் திரும்பினார்.

"எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

அவர் கேட்ட கேள்விகளிலேயே அவருக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

"பஸ் எத்தனை மணிக்குக்கா போய்ச் சேரும்?" என்றேன் நான்.

"ஏழாயிடும்" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், பக்கத்தில் உட்காரலாமா என்று அவர் கேட்பது வெளியிலிருந்து தெரிந்தது.

ஒரு வருடம் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "அது முடிஞ்சு போன கதைம்மா. விடுங்க. இப்ப லைப்ரரி நல்லாத்தான ஓடுது" என்றார். வேலை போகும் என்று அத்தனை நாள் பயந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அவர் வைத்திருந்த கோப்பு ஒன்று லைப்ரரியோடு இருந்தது. பொறுப்பு என் கைக்கு வந்த மறுநாளே அதைத் திறந்து பார்த்தேன். 'யாரைக் கேட்க வேண்டும்' என்று தலைப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் நேரே ஓர் ஆளின் பெயர், எண், எப்போது கேட்கலாம் என்ற குறிப்பு. ஓர் ஊருக்கு, 'புதன் சந்தை, கூப்பிட வேண்டாம்.' இன்னோர் ஊருக்கு, 'காது மந்தம், மகளிடம் கேட்கவும்.' முருகையனுக்கு, 'காலை ஏழரைக்குள். பிறகு களம்.' கடைசியில், பெட்டி எதுவும் இல்லாமல், என் பெயர் இருந்தது.

'கைக்குழந்தை. மூன்று மணிக்கு மேல் எதையும் தீர்மானிக்கச் சொல்ல வேண்டாம். காலையில் கேட்டால் சரியாகச் சொல்வார்.'

இப்போது நானும் போன் போடுகிறேன். முதலாளி என்னையும் அலுத்துக்கொள்கிறார். அந்தப் பதினோரு வரி லைப்ரரியில் மறுபடி இருக்கிறது; புதிய ரகப் பெட்டிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று கட்டிக் கொடுக்கிறேன். போன மாதம் கடைமடைப் பெட்டியையும் மாற்றிவிட்டார்கள். அந்தப் பெயரைத் தேடும் பெட்டி இனி எந்த ஊரிலும் இல்லை. எடுத்துவிடலாம். ஒவ்வோர் ஊராகக் கேட்டு முடித்தேன். முருகையன் காலை ஏழு மணிக்கே, "எடுத்துக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டார்.

இன்னும் ஒருவர் பாக்கி. கோப்பில் முருகையனுக்குக் கீழே அக்காவின் பெயரை நானே சேர்த்தேன். எண்ணையும் போட்டேன். எப்போது கேட்கலாம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. பதினோரு வரியும் அப்படியே இருக்கின்றன.